கோலாலம்பூர் ஏர்போர்ட் கேஎல்ஐஏ-ல 11 மணி நேரம் டிரான்சிட்: வெளிய போலாமா, எங்க போலாம், எப்ப திரும்பணும்

கேள்வி என்னன்னா, சென்னையிலேருந்து பாலிக்கு லீவுக்கு போறாங்க, கணவன் மனைவி, ஆறு வயசு பையன், முட்டி வலி இருக்குற அத்தை, மொத்தம் நாலு பேர். போறப்ப கோலாலம்பூர்ல, அதான் கேஎல்-ல, காலையில 6:15க்கு இறங்கி சாயந்தரம் 5:20க்குத்தான் அடுத்த ஃபிளைட்டு. திரும்பி வர்றப்ப ராத்திரி 10 மணியிலேருந்து மறுநாள் காலையில 8 மணி வரைக்கும் காத்திருக்கணும். அவ்ளோ நேரமும் ஏர்போர்ட்லயே உக்காந்திருக்கணுமா, வெளிய போனா ஃபிளைட்ட விட்டுருவோமா, ட்வின் டவர், பத்துமலை, கெந்திங் மூணையும் பாத்துட்டு வந்துடலாமான்னு கேக்குறாங்க.

வெளிய போலாம் சிஸ்டர், தாராளமா போலாம், ஆனா மூணும் முடியாது. கெந்திங்க இந்த டிரிப்புல மறந்துடுங்க, ஏர்போர்ட்டு கேஎல்லுக்கு தெக்க, கெந்திங் கேஎல்லுக்கு வடக்க மலை மேல, போக வரவே பாதி நாள் போயிடும். ஒரு இடத்த நிதானமா பாத்து, வயிறார பசியாறிட்டு, பதட்டம் இல்லாம திரும்பி வர்றதுக்கு உங்க நேரம் சரியா இருக்கும். நான் கேஎல்-ல இருக்குறதால இந்த மாதிரி நடுவுல இறங்குற சொந்தக்காரங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்கன்னு நிறைய பேருக்கு வழி சொல்லியிருக்கேன், கூட்டிட்டும் போயிருக்கேன். பாத்த வரைக்கும் ஒரே இடம்னு வச்சிக்கிட்டவங்கதான் சந்தோஷமா அடுத்த ஃபிளைட்டு ஏறுறாங்க. அஞ்சு இடம்னு லிஸ்ட் போட்டவங்க பூரா நாளும் கார்லயும் ஜாம்லயும்தான் இருந்தாங்க.

எங்க போறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி உங்க டிக்கெட்ட எடுத்து பாருங்க. சென்னை-கேஎல், கேஎல்-பாலி ரெண்டும் ஒரே புக்கிங்ல இருக்கா, இல்ல விலை கம்மியா இருக்குன்னு தனித்தனியா போட்டதா? எல்லாமே இதுலதான் நிக்குது. ஒரே புக்கிங்னா பொதுவா சென்னையிலயே ரெண்டு போர்டிங் பாஸும் குடுத்துருவாங்க, பெரிய பேக்கு நேரா பாலிக்கு போயிரும், பேக்குல ஒட்டுற அந்த டேக்ல கடைசி ஊர் டென்பசார்னு (பாலி ஏர்போர்ட்டு அதுதான்) இருக்கான்னு கவுண்டர்லயே நின்னு பாத்துக்குங்க, டிபிஎஸ்னு மூணு எழுத்து இருக்கணும், கேயுஎல்னு இருந்தா பேக்கு கேஎல்-லயே இறங்கிடும். தனித்தனி புக்கிங்னா கதையே வேற. நீங்க இமிகிரேஷன் தாண்டி வெளிய வந்து, பேக்க எடுத்து, மறுபடி செக்-இன் பண்ணணும், முதல் ஃபிளைட்டு லேட்டானா ரெண்டாவது ஃபிளைட்டுக்காரங்களுக்கு அதுல எந்த பொறுப்பும் கிடையாது. பேக்கு நேரா கடைசி ஊருக்கு போற வசதிக்கு ஏர்ஏசியால ஃபிளை-த்ரூன்னு பேரு, ஒரே புக்கிங்ல கனெக்‌ஷன் ஃபிளைட்டா எடுத்தாத்தான் அது வரும், நீங்களா ரெண்டு டிக்கெட்ட தனியா வாங்கி ஒட்டவச்சா வராது.

அப்புறம் டெர்மினல். கேஎல்ஐஏ-ல ரெண்டு டெர்மினல், ஏர்ஏசியா டெர்மினல் 2, மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர், இண்டிகோ எல்லாம் டெர்மினல் 1. ரெண்டுக்கும் நடுவுல நடந்து போக முடியாது, ரயில் ஏறணும், மூணு நிமிஷம், 2 வெள்ளி (ரிங்கிட்ட இங்க வெள்ளின்னுதான் சொல்லுவோம்), ஃபிரீ பஸ்ஸும் இருக்கு, ஆனா காத்திருந்து போய் சேர நேரமாகும். வர்றது ஒண்ணுல போறது ஒண்ணுலன்னா அதையும் கணக்குல சேத்துக்குங்க.

விசாவுக்கு வருவோம். இந்தியா பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1லேருந்து 30 நாள் வரைக்கும் விசா இல்லாம வரலாம்னு ஆக்கிட்டாங்க, அத 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. பாஸ்போர்ட்டு ஆறு மாசமாச்சும் செல்லுபடியா இருக்கணும், அடுத்த டிக்கெட்டு கையில இருக்கணும், கேட்டா காட்டணும். அதுகூட டிஜிட்டல் அரைவல் கார்டு ஒண்ணு இருக்கு, எம்டாக்னு சொல்லுவாங்க, கேஎல் வந்து சேர்றதுக்கு மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும், ஒவ்வொரு ஆளுக்கும் தனியா, பையனுக்கும் சேத்து. இமிகிரேஷன் டிபார்ட்மெண்ட் சைட்ல இது ஃபிரீ, கூகுள்ல தேடுனா காசு கேக்குற சைட்டுங்க மேல மேல வரும், அதுல போய் கார்டு நம்பர குடுத்துடாதீங்க. வெளிய வராம டிரான்சிட்லயே இருக்குறவங்களுக்கு இது தேவையில்ல. ஆனா நீங்க போறப்பவும் வெளிய வர்றீங்க, திரும்பி வர்றப்ப ராத்திரி வெளிய வந்து தங்குனா அது ரெண்டாவது என்ட்ரி, அதுக்கு மறுபடி ஒண்ணு புதுசா நிரப்பணும். இத நிறைய பேரு விட்டுட்டு ராத்திரி பத்தரைக்கு இமிகிரேஷன் லைன்ல நின்னுக்கிட்டு போன்ல தட்டிக்கிட்டு இருப்பாங்க, பாக்கவே பாவமா இருக்கும். உங்க கூட இலங்கை பாஸ்போர்ட்டு ஆளுங்க யாராச்சும் வர்றாங்கன்னா இந்த விசா சலுகை அவங்களுக்கு பொருந்தும்னு நெனச்சுக்காதீங்க, தனியா பாத்துக்கணும்.

இப்ப நேரம். எல்லாரும் இறங்குற நேரத்துலேருந்து முன்னாடி எண்ணுவாங்க, நீங்க ஃபிளைட்டு கிளம்புற நேரத்துலேருந்து பின்னாடி எண்ணுங்க. 5:20க்கு ஃபிளைட்டு. பேக்கு நேரா போயிருச்சு, போர்டிங் பாஸ் கையில இருக்குன்னா 3:15க்கு ஏர்போர்ட்ல இருக்கணும், ஏன்னா மறுபடி இமிகிரேஷன், மறுபடி செக்யூரிட்டி, அப்புறம் கேட்டுக்கு நடை, டெர்மினல் 2ல அந்த நடை நல்லாவே நீளம், பெரியவங்க கூட இருந்தா சொல்லவே வேணாம். பேக்கு போடணும்னா 2:20க்கே இருக்கணும், கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே மூடிருவாங்க, ஒரு நிமிஷம் லேட்டானாலும் கெஞ்சி ஒண்ணும் ஆகாது. 3:15க்கு ஏர்போர்ட்னா டவுன்ல இருக்குற பெரிய ரயில் ஸ்டேஷன் கேஎல் சென்ட்ரல்ல 2:15க்கு ரயில் பிளாட்ஃபாரத்துல நிக்கணும். இந்தப் பக்கம், 6:15க்கு இறங்குனா இமிகிரேஷன் முடிச்சு வெளிய வர ஒண்ணேகால் மணி நேரம் வச்சுக்குங்க, சில நாள் சீக்கிரம் முடியும், சில நாள் நாலஞ்சு ஃபிளைட்டு ஒண்ணா இறங்கியிருக்கும், லைன் பாம்பு மாதிரி வளைஞ்சு கிடக்கும். முகம் கழுவி ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல் வர 8:30. ஆக உங்க 11 மணி நேரம் உண்மையில அஞ்சே முக்கா மணி நேரம்தான், பேக்கு போடணும்னா அஞ்சு மணி நேரத்துக்கும் கீழ. இந்த நம்பர பாத்துட்டு எங்க போறதுன்னு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு யாரும் யோசிக்கிறதில்ல. காலையில 6:15ன்னா சென்னை நேரம் 3:45. நாலு மணி நேர ஃபிளைட்டு, அதுல தூக்கம்னு பெருசா ஒண்ணும் இருக்காது, பையன் நடு ராத்திரி எழுப்பி விட்ட மாதிரிதான் இருப்பான். அதனால இறங்குன உடனே ஓடாதீங்க. பல்லு விளக்கி, துணி மாத்தி, ஏதாச்சும் சூடா குடிச்சிட்டு அரை மணி நேரம் உக்காந்துட்டு கிளம்புனா மதியம் வரைக்கும் தாங்கும். இதுக்காகவே கையில வச்சிக்கிற சின்ன பேக்குல ஆளுக்கு ஒரு செட்டு துணி, டூத்பிரஷ், அத்தையோட மாத்திரை எல்லாம் இருக்கணும், பெரிய பேக்கு பாலி போய்தான் கைக்கு வரும். கையில இருக்குற பேக்குகளையும் தூக்கிக்கிட்டு திரிய வேணாம், ரெண்டு டெர்மினல்லயும் லக்கேஜ் வச்சிட்டு போற இடம் இருக்கு, கேஎல் சென்ட்ரல்லயும் லாக்கர் இருக்கு.

ஏர்போர்ட்டு இருக்குறது சிப்பாங்ல, கேஎல் டவுன்லேருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் டெர்மினல் 1லேருந்து கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிஷம், டெர்மினல் 2லேருந்து 33 நிமிஷம், நடுவுல எங்கயும் டவுனுக்குள்ள நிக்காது. பெரியவங்களுக்கு ஒரு வழி 55 வெள்ளி, மூணு பேருக்கு 165, அதான் எல்லாரும் கிராப் (ஓலா, ஊபர் மாதிரி இங்க இருக்குற டாக்சி ஆப்) போட்டுடலாமேன்னு நெனைப்பாங்க. கிராப் விலை குறைச்சல்தான், ஒத்துக்குறேன், நாலு பேருன்னா ரொம்பவே குறைச்சல். ஆனா நீங்க கிளம்புறது காலையில ஏழரைக்கு மேல, அந்த நேரத்துக்கு வேலைக்கு போற கார் எல்லாம் டவுனுக்குள்ளதான் போகும், ஒரு மணி நேர ரோடு ஒண்ணரை மணியாகும், மழை பெஞ்சா ரெண்டுகூட ஆகும். அதனால போறப்ப ரயில்ல போங்க. திரும்பி வர்றப்பவும் என்னைக் கேட்டா ரயில்தான், ஃபிளைட்ட பிடிக்க போற நேரத்துல ரோட்ட நம்புறது எனக்கு பிடிக்காது, ஆனா காசு இடிக்குதுன்னா மதியம் ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிருங்க, அந்த நேரம் ரோடு பெரும்பாலும் பரவால்ல. வெள்ளிக்கிழமை மட்டும் மதிய தொழுகை நேரம், அன்னைக்கு ரோடும் வேற மாதிரி இருக்கும். பஸ்ஸும் இருக்கு, கேஎல் சென்ட்ரலுக்கே வரும், ரயில விட விலை ரொம்ப குறைச்சல், ஆனா ஜாம்ல அதுவும் சேந்துதான் நிக்கும்.

எங்க போறதுன்னா, அத்தை கூட வர்றாங்க, குடும்பமா போறீங்க, நான் பத்துமலைன்னுதான் சொல்லுவேன். காலையில போயிரணும், அதுக்கு ரெண்டு காரணம். பத்து மணிக்கு மேல வெயில் ஏறிடும், டூர் பஸ்ஸுங்களும் வரிசையா வந்து நிக்க ஆரம்பிச்சிரும். மதியத்துக்கு மேல கேஎல்-ல எப்ப வேணாலும் இடியோட மழை கொட்டும், படி ஈரமானா இறங்குறது கஷ்டம். கேஎல் சென்ட்ரல்லயே கேடிஎம் கொமுட்டர்னு லோக்கல் ரயில் இருக்கு, நேரா பத்துமலை ஸ்டேஷன்ல இறக்கி விடும், மூணு வெள்ளிக்குள்ள, அரை மணிக்கு மேல ஆகும். ஒரு ரயில விட்டா அடுத்ததுக்கு அரை மணி, சில நேரம் ஒரு மணிகூட ஆகும், அதனால இறங்குன உடனே திரும்பி போற ரயிலு எப்பன்னு ஸ்டேஷன்லயே பாத்து போட்டோ எடுத்து வச்சிக்குங்க. கேஎல் சென்ட்ரல் வந்து பாக்குறப்ப அடுத்த ரயிலுக்கு ரொம்ப நேரம் இருக்குன்னா நிக்காதீங்க, கிராப் போட்டுருங்க, டவுன்லேருந்து வெளிய போற பக்கம் காலையில அவ்ளோ ஜாம் இருக்காது, நாலு பேருக்கு பங்கு போட்டா பெரிய காசும் இல்ல.

ஸ்டேஷன விட்டு வெளிய வந்த உடனே பச்சை கலர்ல ஆஞ்சநேயர் நிப்பாரு, அங்கேருந்து அப்படியே உள்ள நடந்தா புறா கூட்டம் நிறைஞ்ச திடல், அத தாண்டி முருகன். 42.7 மீட்டர், 2006ல திறந்தாங்க, போட்டோவுல எத்தன தடவ பாத்திருந்தாலும் காலடியில நின்னு அண்ணாந்து பாக்குறப்ப வேற மாதிரி இருக்கும். தம்புசாமி பிள்ளைன்னு அந்தக் காலத்து கேஎல் வியாபாரி ஒருத்தர் 1890 வாக்குல இங்க கோயில ஆரம்பிச்சாரு, 1892லேருந்து தைப்பூசம் நடக்குது, டவுன்ல இருக்குற மகா மாரியம்மன் கோயில 1873ல தொடங்குனவரும் அவருதான். 272 படி, 2018ல கலர் கலரா பெயிண்ட் அடிச்சாங்க. படி குறுகல், செங்குத்து, ஏறுறத விட இறங்குறதுதான் முட்டிய பிடிக்கும். உங்க அத்தைய கட்டாயப்படுத்தாதீங்க. கீழயே சன்னதிங்க இருக்கு, அங்க சாமி கும்பிட்டுட்டு நிழல்ல உக்காந்திருக்கட்டும், இளநீ குடிக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஏறிட்டு வாங்க, இல்ல ஒருத்தர் அத்தை கூட இருந்துட்டு ஒருத்தர் பையனோட போங்க. ஆறு வயசு பையனுங்க இத ஓடியே ஏறிடுவாங்க, நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

ஏறுறப்ப கையில பிளாஸ்டிக் பை, பிஸ்கட் பாக்கெட், தண்ணி போத்தல் எதையும் வெளிய தெரியுற மாதிரி பிடிக்காதீங்க, குரங்கு வந்து பிடுங்கும், பயம் காட்டுனா பல்ல காட்டும், தேங்கா பழம் தட்டு எடுத்துட்டு போறவங்கதான் அதுங்க குறி. பையன் கைய பிடிச்சிக்குங்க, குரங்கு கண்ண பாத்து சிரிக்க வேணாம்னு முன்னாடியே சொல்லி வைங்க. அரைக்கால் சட்டை, குட்டை பாவாடையில வந்தா படிக்கட்டு கிட்டயே நிறுத்திருவாங்க, கைலி மாதிரி துணி வாடகைக்கு கிடைக்கும், நீங்க முழுசா மூடுன துணியிலயே வந்தா அந்த வேலையே இல்ல. மேல குகைக்குள்ள நுழைஞ்ச உடனே ஒரு குளிர்ச்சி வரும், சுண்ணாம்புக் கல்லுலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும், தரை ஈரமா இருக்கும், சேவல் ஒண்ணு ரெண்டு காலுக்கு நடுவுல நடந்து போகும். உள்ள இன்னும் கொஞ்சம் படி ஏறுனா கடைசி சன்னதி, அந்த இடத்துல மேல கூரையே இல்லாம வானம் தெரியும், காலையில போனா வெளிச்சம் அப்படியே கீழ இறங்கி நிக்கும். இந்த இடத்துல பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க, போன உள்ள வச்சிட்டு. பெரிய குகைக்கு டிக்கெட்டு எதுவும் கிடையாது, ராமாயணக் குகை மாதிரி பக்கத்துல இருக்குறதுக்குத்தான் காசு. தைப்பூசம் நேரத்துல மட்டும் டிரான்சிட்ல வந்து இத பண்ணலாம்னு நெனைக்காதீங்க, தை மாசம் அந்த ரெண்டு மூணு நாளும் லட்சக்கணக்குல கூட்டம், உள்ள போயிட்டா வெளிய வர்ற நேரம் நம்ம கையில இல்ல.

எப்படி பாத்தாலும் 11:30க்குள்ள கேஎல் சென்ட்ரல் திரும்பிருவீங்க. அங்கேருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் நடக்குற தூரம், நியூ சென்ட்ரல் மால் வழியா வெளிய வந்து துன் சம்பந்தன் ரோட்ட பிடிச்சா பூக்கடை, மளிகைக் கடை, நகைக் கடை, பாட்டு சத்தம், நம்ம ஆளுங்கதான். ரயில்வே வேலைக்கு வந்த தமிழருங்களும் யாழ்ப்பாணத்துக்காரங்களும் குடியேறி வளந்த இடம் இது, இப்ப கேஎல் சென்ட்ரல் நிக்கிற இடமே அந்தக் காலத்துல ரயில்வே யார்டுதான். இங்க வாழ இலை சாப்பாடு சாப்பிடாம போகாதீங்க. உங்க ஊர் சாப்பாடுதானேன்னு நெனைக்காதீங்க, இங்க ருசி வேற, பாகற்காய மொறுமொறுன்னு பொரிச்சு வைப்பாங்க, நண்டு குழம்பு, மீன் குழம்பு, ஆட்டு பெரட்டல்னு வாளி வாளியா வரும், குழம்ப ஒண்ணு மேல ஒண்ணு ஊத்த சொல்லி கலந்து சாப்பிடுறது இங்க பழக்கம், சோறும் காய்கறியும் கேக்க கேக்க வைப்பாங்க. அசைவம் தனித்தனி தட்டுல வரும், அதுக்கு தனி விலை, மீன் தலை மாதிரி பெரிய அயிட்டத்துக்கு விலைய கேட்டுட்டு வாங்குங்க. பன்னெண்டரைக்கு மேல ஆபீஸ் கூட்டம் வந்துரும், அதுக்கு முன்னாடி போய் உக்காந்துட்டா நிம்மதி. காலையில பசிச்சா மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பரோட்டா மாதிரி இருக்குற ரொட்டி சானாயும், ஆத்தி குடுக்குற தே தாரிக் டீயும் போதும், வயித்த மதியத்துக்கு விட்டு வைங்க. சாப்பிட்டு முடிச்சு ஒண்ணரை ஆகும், பையனுக்கு ஐஸ்கிரீம் வாங்கி குடுத்துட்டு மெதுவா நடந்து ஸ்டேஷனுக்கு வந்தா 2:15க்கு சரியா இருக்கும்.

கோயில் வேணாம், டவர்தான் பாக்கணும்னா அதுவும் சுலபம், கேஎல் சென்ட்ரல்லேருந்து டவுனுக்குள்ள ஓடுற எல்ஆர்டி ரயில்ல அஞ்சாவது ஸ்டேஷன் கேஎல்சிசி, ட்வின் டவர் அங்கதான். மேல ஏறுற டிக்கெட்டுக்கு நேரம் குறிச்சு குடுப்பாங்க, முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கணும், திங்கக்கிழமை மூடியிருக்கும். டிரான்சிட்ல வர்றவங்களுக்கு அந்த டிக்கெட்ட நான் சொல்றதில்ல, ஃபிளைட்டு லேட்டானா காசு போச்சு. பின்னாடி இருக்குற பார்க்குல நின்னு பாத்தாலே 88 மாடியும் கழுத்து வலிக்கிற மாதிரி தெரியும், அங்க பசங்க விளையாடுற இடம் பெருசா இருக்கு, நிழலும் இருக்கு, உங்க பையன் அங்கேருந்து வர மாட்டான். நேரம் ரொம்ப குறைவுன்னா ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி பசார் செனியில இறங்குங்க, சென்ட்ரல் மார்க்கெட், பெட்டாலிங் ஸ்திரீட், மாரியம்மன் கோயில் எல்லாம் நடக்குற தூரத்துல.

6, 7 மணி நேரம் மட்டும் இருக்குறவங்க கேஎல்லுக்கு வரவே வேணாம், புத்ராஜெயா போங்க. இத யாரும் சொல்ல மாட்டாங்க. கேஎல்ஐஏ டிரான்சிட்னு அதே தண்டவாளத்துல போற இன்னொரு ரயில், அது நடுவுல நிக்கும், சுமார் இருபது நிமிஷத்துல புத்ராஜெயா, அங்கேருந்து கிராப்புல ஏரிக்கரை. ரோஸ் கலர் குவிமாடம் வச்ச புத்ரா மசூதி, பக்கத்துலயே பிரதமர் ஆபீஸு, அகலமான ரோடு, ஏரி காத்து. முஸ்லிம் இல்லாதவங்க மசூதி உள்ள போக மேலங்கி குடுப்பாங்க, தொழுகை நேரத்துல மட்டும் வெளிய நிக்கணும். பெரியவங்களுக்கு படியும் இல்ல, கூட்டமும் இல்ல. ஷாப்பிங் பிடிச்சவங்களுக்கு ஏர்போர்ட் பக்கத்துலயே மிட்சுயி அவுட்லெட், ரெண்டு டெர்மினல்லேருந்தும் பஸ் விடுறாங்க, காலையில 10 மணிக்குத்தான் திறக்கும். 5 மணி நேரத்துக்கு கீழன்னா உள்ளயே இருந்துடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. டெர்மினல் 1ல தனியா தள்ளி நிக்கிற சேட்டிலைட் கட்டடத்துக்கு நடுவுல ஒரு குட்டி காடே வளத்திருக்காங்க, கண்ணாடிக் கதவ தள்ளிட்டு வெளிய போனா ஈரக் காத்தும் பூச்சி சத்தமும், பசங்களுக்கு ரொம்ப பிடிக்கும். அங்க போற ஏரோடிரெய்ன் ரெண்டு வருஷத்துக்கு மேல நின்னு போயிருந்துச்சு, 2025 ஜூலையிலேருந்து மறுபடி ஓடுது.

திரும்பி வர்ற ராத்திரிக்கு என் பதில் ஒரே வார்த்தை, தூங்குங்க. பத்து மணிக்கு இறங்கி வெளிய வர பதினொண்ணே கால், காலையில 6 மணிக்கு மறுபடி உள்ள இருக்கணும், நடுவுல டவுனுக்கு போய் என்ன பண்ண போறீங்க. லீவு முடிஞ்சு களைப்பா வர்ற நேரம், சின்னப் பையன், பெரியவங்க, நாற்காலியில சாஞ்சு கிடக்குறது கொடுமை. பேக்கு நேரா சென்னைக்கு போகுதுன்னா வெளியவே வராம, இமிகிரேஷன் தாண்டாம, டிரான்சிட் ஏரியாக்குள்ளயே இருக்குற சாமா-சாமா எக்ஸ்பிரஸ்ல ரூம் எடுக்கலாம், ரெண்டு டெர்மினல்லயும் இருக்கு, மணிக்கணக்குல குடுப்பாங்க. வெளிய வர்றதா இருந்தா ஏர்போர்ட்ட ஒட்டியே ஹோட்டலுங்க இருக்கு. ஒரு ஆள் படுக்குற அளவுக்கு பெட்டி மாதிரி இருக்குற கேப்சூல் ஹோட்டல் தனியா போறவங்களுக்கு அருமையான விஷயம், மூணு மணி, ஆறு மணின்னு கணக்கு பண்ணி எடுக்கலாம், குளிக்கவும் முடியும், ஆனா உங்க குடும்பத்துக்கு கதவு சாத்துற ரூம்தான் சரி. முன்னாடியே புக் பண்ணிருங்க, ராத்திரி போய் கேட்டா இருக்காது.

இன்னும் டிக்கெட்டு போடாதவங்க இத படிச்சா அவங்களுக்கும் ஒரு விஷயம். 24 மணி நேரத்துக்குள்ள அடுத்த ஃபிளைட்டு ஏறுனா ஏர்லைன்ஸ் கணக்குல அது டிரான்சிட், அதுக்கு மேல போனாத்தான் ஸ்டாப்ஓவர், விலையும் அப்பத்தான் மாறும். அதனால ஒரே டிக்கெட்ல 20, 22 மணி நேர கனெக்‌ஷன் கிடைச்சா பயப்படாதீங்க, பல நேரம் அதே விலைக்கு ஒரு முழு நாளும் ஒரு ராத்திரியும் கேஎல் கிடைக்குது, 9 மணி நேர கனெக்‌ஷன விட அது நூறு மடங்கு மேல், படுத்து எந்திரிச்சு நிதானமா சுத்தலாம். ரெண்டு மூணு நாளு ஒதுக்க முடியும்னா மலேசியா ஏர்லைன்ஸ்ல போனஸ் சைட் டிரிப்னு ஒரு திட்டம் விட்டிருக்காங்க, வெளிநாட்டுலேருந்து வந்து கேஎல்-ல மாறி போறவங்களுக்கு உள்ளூர் ஊர் ஒண்ணுக்கு போக வர டிக்கெட்டு, டேக்ஸ் மட்டும் நாம கட்டணும், நீங்க போடுற நேரத்துல இருக்கான்னு பாத்துக்குங்க. இருந்தா பினாங்கு போங்க, ஜார்ஜ் டவுன் 2008லேருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500 படிக்கு மேல, சோத்து மேல பல குழம்பு ஊத்தி குடுக்குற நாசி கண்டார் வேற. சென்னையிலேருந்து பினாங்குக்கு இண்டிகோ 2024 டிசம்பர்லேருந்து நேராவே விடுறாங்க, பினாங்குல இறங்கி ரயில்ல கேஎல் வந்து இங்கேருந்து கிளம்புற மாதிரியும் போடலாம். சிங்கப்பூர் வழியா போறவங்களுக்கு சாங்கி ஏர்போர்ட்லயே ஃபிரீ டூர் இருக்கு, அஞ்சரை மணி நேரத்துக்கு மேல டிரான்சிட் இருக்கணும், ஆனா இந்தியா பாஸ்போர்ட்டுக்கு பொதுவா சிங்கப்பூர் விசா கையில இருக்கணும், அந்த ஒரு விஷயத்துலதான் கேஎல் உங்களுக்கு சுலபம்.

மத்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம், ஆனா ஊர்லயே முடிச்சிட்டு வரணும். கிராப் ஆப்ப சென்னையிலயே இறக்கி உங்க நம்பருக்கு ஓடிபி வாங்கி கார்டையும் சேத்துருங்க, இங்க வந்து சிம் மாத்துனதுக்கு அப்புறம் ஓடிபி வராம தவிக்கிறவங்கள நான் கேஎல் சென்ட்ரல் வாசல்ல பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இங்க பிளக்கு மூணு சதுர முள்ளு, உங்க சார்ஜர் அப்படியே போகாது, அடாப்டர் வேணும். ஏர்போர்ட்ல காசு மாத்துனா ரேட்டு நல்லா இருக்காது, செலவுக்கு கொஞ்சமா மட்டும் மாத்திக்கிட்டு மீதிக்கு கார்டு தட்டுங்க, எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு கார்டு போதும், எல்ஆர்டி மெஷினுக்கும் கோயில்லயும் சின்ன நோட்டு வேணும். ஒரு மடக்கு குடை. அத்தைக்கு ரெண்டு ஃபிளைட்டுக்கும் வீல்சேர் வேணும்னு ஏர்லைன்ஸ்ல இப்பவே போட்டு வைங்க, அந்த டெர்மினல் நடையில முட்டிய தேய்ச்சுட்டா பத்துமலை அடிவாரத்துலகூட அவங்களால நிம்மதியா நிக்க முடியாது. சனி, ஞாயித்துல வர்றீங்கன்னா தேதிய சொல்லுங்க, பத்துமலை கூட்டம் வேற மாதிரி இருக்கும், நேரத்த கொஞ்சம் மாத்தி சொல்றேன்.